தாமதமாகும் முதல் வருகை: கம்போங் மேடானும் பதின்பருவத் தாய்மையும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் பதின்பருவப் பெண் கருவுறும்போது, அது முதலில் குடும்ப மானத்தின் சிக்கலாகவும், பிறகு காவல் நிலையத்தின் சிக்கலாகவும், எல்லாம் கைமீறிய நிலையில்தான் மருத்துவத்தின் சிக்கலாகவும் கையாளப்படுகிறது. அவளுடைய உடல்நலத்துக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு இந்த வரிசைமுறையால் விளைவது என்பதும், வயதைக் காட்டிலும் மறைப்பும் அதனால் ஏற்படும் தாமதமுமே அவளையும் குழந்தையையும் ஆபத்தில் தள்ளுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதற்குப் பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டி அமைந்த கம்போங் மேடான் வட்டாரம் களமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தோட்டத்திலிருந்து புறம்போக்குக்கும், புறம்போக்கிலிருந்து அடுக்குமாடிக்கும் இடம்பெயர்ந்த மலேசியத் தமிழர்களின் வரலாறு முழுவதையும் சில சதுர கிலோமீட்டருக்குள் காட்டும் இடம் அது.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது; அவ்வயதுக்குள் நேரும் கர்ப்பமே பதின்பருவக் கர்ப்பம் எனப்படுகிறது. வளரும் நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிடையே ஆண்டுதோறும் சுமார் 2 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் நேர்வதாகவும், அவற்றில் ஏறத்தாழப் பாதி திட்டமிடப்படாதவை என்றும், சுமார் 1 கோடியே 20 லட்சம் பிறப்பில் முடிவதாகவும் 2019ஆம் ஆண்டு நிலவரத்தை அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. உலக அளவில் இவ்வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு நிகழும் பிறப்புகள் 2000இல் 64 ஆக இருந்து 2023இல் 41 ஆகக் குறைந்திருக்கின்றன. மலேசியாவின் விகிதம் இதைவிட மிகக் குறைவு. அந்தக் குறைந்த விகிதமே இச்சிக்கலை நாட்டின் பார்வையிலிருந்து விலக்கிவைத்துவிட்டது என்றும் சொல்லலாம். தேசியச் சராசரி நன்றாக இருக்கும்போது அதன் அடியில் கிடக்கும் வட்டாரங்கள் கண்ணில் படுவதில்லை.

2010களின் நடுப்பகுதியில் மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 18,000 பதின்பருவப் பெண்கள் கருவுற்றதாகவும், அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர், அதாவது 4,500 பேர் வரை, திருமணம் ஆகாதவர்கள் என்றும் அரசுத் தரப்புப் புள்ளிவிவரங்கள் கூறின. நாளிதழ்களும் மேடைகளும் இந்த 4,500 பேரைப் பற்றியே ஓயாது பேசின. மீதமுள்ள முக்கால்வாசிப் பெண்கள் மணமானவர்கள் என்பதால் அவர்களுக்குச் சிக்கலே இல்லை என்ற எண்ணம் அப்பேச்சின் அடியில் இருந்தது. ஆனால் பதினாறு வயதுப் பெண்ணின் இரத்த அழுத்தமும் இடுப்பெலும்பும் அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மேலும், இத்தகைய கணக்குகள் பெரும்பாலும் அரசு கிளினிக்குகளில் பதிந்துகொண்டவர்களைக் கொண்டே எழுபவை. தனியார் கிளினிக்கில் கருவைக் கலைத்தவரும், பிரசவ வலி வரும்வரை எங்கும் பதியாதவரும் அக்கணக்கில் இல்லை. பொதுச் சுகாதாரம் முதலில் தேடவேண்டியவர்கள் அவர்களே.

மருத்துவ நோக்கில் பதின்பருவக் கர்ப்பத்தின் இடர்கள் இரு வகைப்பட்டவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் தீர்வும் குழம்பிவிடும். முதல் வகை உடலியல் சார்ந்தது. பூப்பெய்திய பின்னும் பெண்ணின் எலும்புகள் சில ஆண்டுகள் வளர்கின்றன. இடுப்புக் குழி முழு அகலத்தை எட்டும் முன்பே பிரசவம் நேர்ந்தால் குழந்தையின் தலை இறங்குவது தடைபடலாம். தானே வளர்ந்துகொண்டிருக்கும் உடல், கருவுக்குத் தரவேண்டிய சத்துக்காக அதனோடு போட்டியிடுவதால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். இந்த இடர்கள் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகளிடம் கடுமையானவை. இருபது முதல் இருபத்துநான்கு வயதுத் தாய்மாரோடு ஒப்பிடும்போது, பதின்பருவத் தாய்மாருக்குக் கர்ப்பகால வலிப்பு நோயும், பிரசவத்துக்குப் பின் கருப்பையின் உட்புறத்தில் ஏற்படும் தொற்றும், உடல் முழுதும் பரவும் தொற்றும் கூடுதலாக நேர்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. கர்ப்பகால வலிப்பு என்பது இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறி, முடிவில் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் நிலை. உயரும் அழுத்தத்தை உரிய நேரத்தில் கண்டால் அதைத் தடுக்க முடியும். காணத் தவறினால் தாய் உயிரிழக்க நேரிடும்.

இரண்டாம் வகை இடர்கள் சமூகம் உண்டாக்குபவை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயதினரிடம் காணப்படும் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் பெருமளவு வறுமை, இரத்தசோகை, மனவுளைச்சல், தாமதமான மருத்துவக் கவனிப்பு ஆகியவற்றால் விளைபவை. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை எனப்படும். மலேசிய சுகாதார அமைச்சின் 2015ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்றும், இனவாரியாகப் பார்க்கையில் இந்தியர்களிடம் அது அதிகம் என்றும் காட்டியது. ஆகவே கம்போங் மேடான் சிறுமி கருவுறும்போது, மாதவிடாயில் இழந்த இரும்புச்சத்தை ஈடுசெய்யாத உடலோடுதான் பெரும்பாலும் அந்தப் பயணத்தைத் தொடங்குகிறாள். இரும்புச்சத்து மாத்திரை மலிவானது, கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது. அதை உண்ணத் தொடங்கும் மாதம் எது என்பதே இங்கு முடிவு செய்கிறது.

மலேசியாவின் தாய்சேய் நலப் பணி ஆசியாவின் சிறந்த பணிகளுள் ஒன்று. 1950இல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஐந்நூறுக்கும் மேலாக இருந்த தாய்மார் மரணம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் முப்பதை ஒட்டிய அளவுக்கு இறங்கியது. கிராமக் கிளினிக்குகள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், இடம்பெயரும் மருத்துவக் குழுக்கள், 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் இரகசியமாக ஆராயும் முறை ஆகியவை சேர்ந்து இதைச் சாதித்தன. கர்ப்பிணிகள் பன்னிரண்டாவது வாரத்துக்குள் முதல் முறை கிளினிக்குக்கு வரவேண்டும் என்பது இங்கு வகுக்கப்பட்ட அளவுகோல். அன்று இரத்த வகை, ஹீமோகுளோபின், சிறுநீர், இரத்த அழுத்தம், எச்ஐவி, மேகநோய் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. இளஞ்சிவப்பு அட்டையுள்ள பதிவேடு தாயின் கையில் தரப்படுகிறது. வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என இடருக்கேற்ற நிறக்குறி ஒட்டப்பட்டு, யாரைச் செவிலியர் பார்த்தால் போதும், யாரை மருத்துவர் பார்க்கவேண்டும், யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பது வகுக்கப்படுகிறது. கருவின் வயதை ஸ்கேன் மூலம் துல்லியமாகக் கணிக்க இயல்வதும் இந்த முதல் மூன்று மாதங்களில்தான்.

இவ்வளவு செம்மையான ஏற்பாடு இருந்தும், மறைத்து வைக்கப்பட்ட கர்ப்பத்துக்கு அது பயன்படுவதில்லை. ஐந்தாம் மாதம் வயிறு தெரியத் தொடங்கிய பின் வரும் பெண்ணுக்குப் போலிக் அமிலத்தின் முதன்மைப் பயன் கடந்துவிட்டது. கருவின் முதுகுத்தண்டுக் குழல் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுவது. ஏழாம் மாதத்தில் வருபவளுக்குக் கடுமையான இரத்தசோகையைச் சரிசெய்யப் போதிய காலம் இல்லை. வலியோடு வருபவளுக்கு அவளது இயல்பான இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதே எவருக்கும் தெரியாது. கம்போங் மேடானைச் சுற்றி மருத்துவ வசதிக்குப் பஞ்சமில்லை. அரசு சுகாதார கிளினிக் அருகிலேயே உள்ளது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் சில கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. அரசு கிளினிக்கில் புறநோயாளிக் கட்டணம் குடிமகனுக்கு ஒரு ரிங்கிட். தூரமும் பணமும் தடையாக இல்லாத இடத்தில் ஒரு பெண் கிளினிக்குக்கு வரவில்லை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது.

அத்தடையின் வேர் இந்த வட்டாரத்தின் குடியேற்ற வரலாற்றில் தொடங்குகிறது. இரப்பர் விலை சரிந்ததும், நகரம் விரிந்ததும், கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்பு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டதும் 1970களிலிருந்து 1990கள் வரை இடையறாது நடந்தன. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர விளிம்பில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டன. அந்த வீடுகளும் இடிக்கப்பட்டபோது, ரூமா பாஞ்சாங் என்று அழைக்கப்பட்ட தற்காலிக நீளவீடுகளில் இருத்தப்பட்டன. ஒரு சில ஆண்டுகளுக்கு என்று சொல்லப்பட்ட அந்த இருப்பு பலருக்குப் பத்தாண்டைத் தாண்டியது. அதன்பின் வந்தவை மலிவு விலை அடுக்குமாடிகள். தோட்ட வாழ்க்கையைப் போற்றிப் பேச எந்த நியாயமும் இல்லை: கூலி குறைவு, குடி மிகுதி, கங்காணியின் அதிகாரம் கொடிது. எனினும் அங்கே ஓர் ஆயாக் கொட்டகை இருந்தது, தோட்டத்து மருந்தகம் இருந்தது, ஒவ்வொரு பெண்ணின் நாள் தள்ளிப்போனதையும் அறிந்த கிழவிகள் இருந்தனர். அந்தக் கண்காணிப்பு பெண்ணை அடக்குவதாகவும் இருந்தது, ஆபத்தை முன்னதாக அறிவதாகவும் இருந்தது. நகரத்துக்கு வந்தபோது அடக்குமுறை உடன்வந்தது. முன்னறிவு தோட்டத்தோடு போயிற்று.

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் குழந்தைகளைப் பற்றி யுனிசெப் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும், ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுமே ஒப்பீட்டு வறுமையில் வாழ்வதாகவும் கண்டறிந்தது. ஒப்பீட்டு வறுமை என்பது பட்டினியைக் குறிப்பதன்று. சுற்றியுள்ள சமூகத்தின் சராசரி வாழ்க்கைக்கு எட்டாத தொலைவில் இருப்பதைக் குறிப்பது. பட்டினிக் கோட்டுக்கு மேலே இருப்பதால் உதவித் திட்டங்கள் அக்குடும்பங்களைக் கடந்துபோகின்றன. தாய் தொழிற்சாலையின் இரவு வேலைக்கும், தந்தை லாரிக்கும் போன பின், மூத்த பெண் தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப்போட்டு வீட்டைக் காக்கிறாள். அவளைக் காப்பதற்கு அங்கே பெரியவர் எவரும் இல்லை.

2001 மார்ச்சில் கம்போங் மேடானிலும் அதைச் சுற்றிய கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்ஙான் முதலிய குடியிருப்புகளிலும் வெடித்த வன்முறையில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அதன்பிறகு இவ்வட்டாரத்தின் பெயர் கேட்டவுடன் ஆட்சியாளர் மனத்தில் எழுந்த படம் இனக்கலவரமும் குண்டர் கும்பலும் வேலையற்ற இளைஞனும்தான். சமூகநலத் திட்டங்கள் அந்த இளைஞனை நோக்கித் திரும்பின: பந்தாட்டத் திடல், தொழிற்பயிற்சி, கும்பலில் சேராமல் தடுக்கும் முகாம். அவை தேவையானவையே. ஆனால் அதே பத்தாண்டுகளில், அதே படிக்கட்டில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு வீட்டுக்குள் ஒதுங்கிய பெண் எந்தத் திட்டத்திலும் தோன்றவில்லை. ஆண்பிள்ளையின் துயரம் தெருவில் நடக்கிறது, ஆகவே அதைப் போலீஸ் எண்ணுகிறது. பெண்பிள்ளையின் துயரம் நான்கு சுவருக்குள் நடப்பதால் அது எண்ணப்படாமல் போயிற்று.

பள்ளியை விட்டு விலகுதலுக்கும் கர்ப்பத்துக்கும் உள்ள தொடர்பு பொதுவாகத் தலைகீழாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. கருவுற்றதால் பெண் பள்ளியை விட்டாள் என்று கருதுவதே வழக்கம். உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளோ, பள்ளியிலிருந்து ஏற்கெனவே விலகிய பெண்ணே கருவுறும் வாய்ப்பு மிகுந்தவள் என்று காட்டுகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத மாணவி, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்த்தப்படுகிறாள். தோழியர் படிவம் ஒன்றுக்குப் போக அவள் மட்டும் பின்தங்குகிறாள். அந்த ஓராண்டிலேயே பலர் பள்ளியோடு மனமுறிகின்றனர். 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்ட நாட்டில், இடைநிலைக் கல்விக்கு அத்தகைய கட்டாயம் நீண்ட காலம் இல்லாமலே இருந்தது.

பள்ளியை விட்டு விலகுவதன் விளைவு பாலியல் கல்வியிலும் தெரிகிறது. 1989 முதல் இடைநிலைப்பள்ளிகளில் குடும்ப நலக் கல்வி என்ற பெயரிலும், பின்னர் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி என்ற விரிந்த பெயரிலும் இது உடல்நலப் பாடத்தின் ஒரு கூறாகக் கற்பிக்கப்படுகிறது. பாடநூலில் பகுதி உண்டு; தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படும் பகுதியும் அதுதான். பள்ளியை விட்ட பெண்ணுக்கு அதுவும் இல்லை. இடைநிலைப்பள்ளி மாணவர்களில் 2017இல் 7.3 சதவீதத்தினரும், 2022இல் 7.6 சதவீதத்தினரும் உடலுறவு கொண்டதாகத் தேசிய உடல்நல ஆய்வுகளில் தெரிவித்தனர். இவை பள்ளியில் இருந்த பிள்ளைகளிடம் எடுத்த கணக்குகள். பள்ளிக்கு வெளியே உள்ள பிள்ளைகளிடம் இந்த அளவு இதைவிடக் குறைவாக இருக்கும் என்று கருதக் காரணம் ஏதுமில்லை. வீட்டில், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்துப் படமெடுத்துக் கொண்டாடும் குடும்பமும், அந்த நாள் முதல் அப்பெண்ணின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி அவளிடம் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.

சட்டம் உண்டாக்கும் தடை இன்னும் சிக்கலானது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 375ஆம் பிரிவுப்படி, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணோடு அவள் இசைவுடனோ இசைவின்றியோ உடலுறவு கொள்வது வன்புணர்ச்சியாகும். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பாலியல் கொடுமைக்கு ஆளானதாக நம்பத்தகும் குழந்தையைக் காணும் மருத்துவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும், தவறினால் தண்டனைக்கு உள்ளாவார் என்றும் விதிக்கிறது. 2017இல் வந்த குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்த எவர்க்கும் இக்கடமையை விரிவுபடுத்தியது. ஆகவே பதினைந்து வயதுப் பெண் கிளினிக்கின் கதவைத் தட்டினால் காவல்துறைப் புகார் பின்தொடர்வது உறுதி. சிறுமிகளின் கர்ப்பங்களில் பல, சிற்றப்பனோ மாற்றாந்தந்தையோ அண்டை வீட்டுக்காரனோ இழைத்த கொடுமையின் விளைவு என்பதால் இந்தச் சட்டங்கள் இன்றியமையாதவை. அவற்றைத் தளர்த்தவேண்டும் என்று பேசுவது பொறுப்பற்ற பேச்சு. எனினும் அதே சட்டம், பதினேழு வயதுக் காதலனைச் சிறைக்கு அனுப்பிவிடும் என்ற அச்சத்தாலும், குடும்பத்தின் பெயர் நாளிதழில் வந்துவிடும் என்ற அச்சத்தாலும், கருவுற்ற சிறுமியைக் கிளினிக்கிலிருந்து விரட்டவும் செய்கிறது. கொடுமை செய்தவன் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது அக்குடும்பமே அந்த அச்சத்தை வளர்க்கிறது.

இந்த முரணுக்கு ஒரு வழியை இந்திய உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று காட்டியது. இந்தியாவிலும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் கருவுற்றிருப்பதை அறியும் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்த அறிக்கையில் அவளது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடமை நீங்கவில்லை, கதவு மட்டும் திறக்கப்பட்டது. சிறுமியை முதலில் நோயாளியாகவும், பிறகே சாட்சியாகவும் காணும் இந்த வரிசைமுறையை மலேசியச் சட்ட வல்லுநர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும்.

பதினாறு வயதைத் தாண்டியவளுக்கு வேறு தடை. பதினெட்டு வயது நிறையாதவருக்கு மருத்துவம் செய்யப் பெற்றோர் இசைவு கேட்கப்படுகிறது. தாயிடம் சொல்லத் துணிவில்லாமல் தனியே வந்த பெண்ணிடம், தாயை அழைத்து வா என்று சொல்வது அவளைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பானது. கருத்தடைச் சேவை மணமானவர்களை மனத்தில் வைத்தே வளர்ந்தது என்பதால், மணமாகாதவள் அந்த வரிசையில் நிற்பதே கூச்சத்துக்குரியதாகிறது. கருக்கலைப்பைப் பொறுத்தவரை, 1989இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கர்ப்பம் தொடர்வது தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கலைப்பைவிடக் கூடுதலான கேடு விளைவிக்கும் என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் அதை அனுமதிக்கிறது. மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ள இந்த விதி இருப்பதையே அறியாதோர் மருத்துவப் பணியாளர்களிடையேயும் உண்டு. மலேசியாவில் கருக்கலைப்பு முற்றிலும் சட்டவிரோதம் என்ற தவறான நம்பிக்கை, பதினாறு வயதுப் பெண்ணை இணையத்தில் விற்கும் அடையாளமற்ற மாத்திரையிடம் கொண்டுசேர்க்கிறது.

தமிழ்க் குடும்பங்கள் தேடும் உடனடித் தீர்வு பெரும்பாலும் கோயிலில் தாலி கட்டிவைப்பது. 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருமணம், மணவிலக்கு சீர்திருத்தச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதியப்பட்டாக வேண்டும், பதினெட்டு நிறைந்திருக்கவேண்டும், பதினாறு நிறைந்த பெண்ணுக்கு மாநில முதல்வரான மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதி வேண்டும், பதினாறுக்குக் கீழ் இடமே இல்லை. கோயிலில் மட்டும் கட்டிய தாலியால் மானம் காப்பாற்றப்பட்டதாகக் குடும்பம் நிம்மதியடைகிறது. சட்டத்தின் கண்ணுக்கு அங்கே திருமணம் நடக்கவே இல்லை. பிறக்கும் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில், தாயும் தந்தை எனத் தன்னை ஒப்புக்கொள்பவனும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் ஒழியத் தந்தையின் பெயர் இடம்பெறாது. குடியுரிமையும் தாயின் வழியே வருகிறது. அந்தத் தாய்க்கே அடையாள அட்டை இல்லையென்றால்? தோட்டத்தில் பதியாமல் பிறந்த பாட்டி, நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட தாய், எந்த அட்டையும் இல்லாத மகள் என்று மூன்று தலைமுறையாகத் தொடரும் ஆவணமின்மை மலேசிய இந்தியரின் ஆறாப் புண். அத்தகைய மகள் மருத்துவமனைக்குச் சென்றால் வெளிநாட்டவருக்குரிய கட்டணத்தை எதிர்கொள்ளவேண்டியிருக்கிறது. அவள் பெற்ற பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதல்லாததாகப் பள்ளி வயதை எட்டுகிறது.

இன்னொரு வழக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. குழந்தையில்லாத தம்பதியிடம் பிள்ளையை ஓசையின்றிக் கொடுத்துவிடுவதும், அவர்கள் தாமே பெற்றதாகப் பதிந்துகொள்வதும் இரக்கத்தால் செய்யப்படுபவையே. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு உண்மை வெளிப்படும்போது அந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் குடியுரிமையும் கேள்விக்குள்ளாகின்றன. சட்டப்படி தத்தெடுக்கும் வழி 1952 முதலே உள்ளது. அதற்குப் பெற்ற தாய் வெளிப்படையாக வந்து நிற்கவேண்டும் என்பதுதான் அவளைத் தடுக்கிறது.

2010ஆம் ஆண்டு இந்த நாட்டின் மனநிலையைக் காட்டும் கண்ணாடி. அவ்வாண்டு மே மாதம் ஆர்பன்கேர் அமைப்பு பெட்டாலிங் ஜெயாவில் நாட்டின் முதல் குழந்தைப் பெட்டகத்தைத் திறந்தது. பெற்றவள் தன் முகம் காட்டாமல் குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்லலாம். தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் நெருங்கிய உறவு இது. ஆகஸ்டில், குழந்தையை வீசியெறிவதைக் கொலையாகவோ கொலை முயற்சியாகவோ விசாரிக்கும் கடும் நிலைப்பாட்டை அமைச்சரவை மேற்கொண்டது. செப்டம்பரில், கருவுற்ற முஸ்லிம் மாணவிகளுக்கென மலாக்காவில் செக்கோலா ஹாராப்பான் பள்ளி தொடங்கப்பட்டது. ஒன்று கருணை, ஒன்று தண்டனை, ஒன்று அடைக்கலம். மூன்றும் கர்ப்பம் முற்றிய பின்போ குழந்தை பிறந்த பின்போ செயல்படத் தொடங்குபவை. முதல் பன்னிரண்டு வாரங்களில் அச்சத்தோடு அமர்ந்திருக்கும் பெண்ணை நோக்கி எதுவும் நீளவில்லை. அதற்கடுத்த பத்தாண்டுக்குள் காவல்துறைப் பதிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைவிடப்பட்டவையாகக் கண்டெடுக்கப்பட்டன. பாதிக்கும் மேல் உயிரற்றவை. 2022 பிப்ரவரியில் திரங்கானு மாநிலத்தின் கெமாமானில், வன்புணர்ச்சிக்கு ஆளானதாகக் கூறிய பதினைந்து வயதுச் சிறுமியின் மீது, வீட்டில் பெற்ற சிசுவைக் கொன்றதாகக் கொலைக்குற்றம் சாட்டப்பட்டபோது நாடு அதிர்ந்தது. ஒன்பது மாதங்கள் யாருமே அச்சிறுமியைக் காணவில்லை என்பதைக் குறித்து அதிர்ந்தவர் சிலரே.

மாற்றம் இயலாதது என்று எவரும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1998இல் 15 முதல் 17 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த கருத்தரிப்பு விகிதம், 1999இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தைத் தொடர்ந்து, 2018இல் 17ஐ ஒட்டிய அளவுக்கு விழுந்தது. அங்கு மதபோதனையோ தண்டனையோ முதன்மைக் கருவியாக இருக்கவில்லை. விகிதம் மிகுந்த வட்டாரங்கள் அடையாளம் காணப்பட்டன. பள்ளியில் தெளிவான பாலியல் கல்வி தரப்பட்டது. இளையோர் கூச்சமின்றி நுழையத்தக்க, இரகசியம் காக்கும் கிளினிக்குகள் அவர்கள் நடமாடும் இடங்களிலேயே அமைக்கப்பட்டன. கருவுற்ற பெண்களைப் பள்ளிக்குத் திரும்ப வைக்கத் தனிப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். இதற்கு நேர்மாறாக, கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் உள்ள தமிழ்நாட்டில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்களின் பங்கு 2015–16இல் 5 சதவீதமாக இருந்து, 2019–21இல் 6.3 சதவீதமாக உயர்ந்ததைத் தேசியக் குடும்பநல ஆய்வு பதிவுசெய்தது. இந்தியச் சராசரி அதே காலத்தில் இறங்கியது. மருத்துவமனைகளும் கல்லூரிகளும் மிகுந்திருப்பது மட்டும் இச்சிக்கலைத் தீர்க்காது என்பதற்குத் தமிழர் வாழும் இன்னொரு நிலமே சான்று.

கம்போங் மேடானுக்குத் தேவைப்படுவது பெரிய கட்டடமன்று. வளரிளம் பருவத்தினர் நலத்துக்கான தேசியக் கொள்கை 2001 முதல் ஏட்டில் இருக்கிறது; குழந்தைத் திருமணத்தின் காரணங்களைக் களையும் தேசிய வியூகத் திட்டம் 2020இல் வெளியாயிற்று; மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் இளையோர் மையங்கள் சில நகரங்களில் நடக்கின்றன. இவையெல்லாம் அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு ஏறிவரவேண்டும். அதற்குத் தமிழ் பேசும் சமூகச் செவிலியர் வேண்டும். பள்ளி நேரத்திலும் தொழிற்சாலை வேலை நேரத்திலும் இல்லாமல் மாலையில் திறந்திருக்கும் கிளினிக் நேரம் வேண்டும். முதல் வருகையில் காவல்துறை என்ற சொல்லுக்கு முன் இரத்த அழுத்தக் கருவி கையில் கட்டப்படவேண்டும். அடையாள அட்டை இல்லாத பெண்ணுக்கும் கர்ப்பகாலச் சோதனை கட்டணமின்றிச் செய்யப்படவேண்டும், ஏனெனில் அவள் வயிற்றில் இருக்கும் குழந்தை எந்தப் பதிவு இலாகாவின் தவறுக்கும் பொறுப்பல்ல. கோயில் நிர்வாகங்கள் வயதைக் கேட்காமல் தாலி எடுத்துக்கொடுப்பதை நிறுத்தவேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் ஒவ்வொரு மாணவியும் படிவம் மூன்று வரை எங்கே படிக்கிறாள் என்று பெயர் பெயராகக் கேட்டுக் குறித்துவைக்க முன்வந்தால், அது எந்த அமைச்சின் அனுமதிக்கும் காத்திருக்கவேண்டியதில்லாத வேலை.

இவ்வட்டாரத்தில் பணி எந்த அளவு வெற்றி பெற்றது என்பதை எத்தனை பெண்கள் கருவுற்றார்கள் என்ற எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்தால், மறைப்பு கூடும்போதெல்லாம் வெற்றி கூடியதாகவே தோன்றும். கருவுற்ற பதின்பருவப் பெண் எத்தனையாவது வாரத்தில் முதன்முதலாகக் கிளினிக்கில் கால்வைத்தாள் என்பதை வட்டாரவாரியாகக் குறித்து, ஆண்டுதோறும் அது பன்னிரண்டை நோக்கி இறங்குகிறதா என்று பார்க்கும் பொறுப்பைப் பெட்டாலிங் மாவட்டச் சுகாதார அலுவலகம் ஏற்கவேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறும் பொறுப்பு இவ்வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், இந்திய சமுதாயத்தின் பெயரால் பேசும் எல்லாக் கட்சிகளுக்கும் உரியது.